குதிகாலுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பசை. அச்சடித்த துண்டுகளைப் பிளேடால் வெட்டிப் பசை தடவிப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் வந்த பெயர் அது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பசை டப்பாக்கள் குப்பைக்குப் போயின, அவரை ஒரு திரையின் முன்னால் உட்கார வைத்தார்கள். பெயர் மட்டும் உரிந்து வரவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பக்கம் ஒட்டுகிறவனுக்கு வேதம் ஒன்றுதான். தலைப்போ படமோ விளம்பரமோ, எதுவானாலும் கோட்டின் மேல் உட்கார வேண்டும். மயிரிழை தூக்கினாலும் மறுநாள் ஊரே பார்க்கும், பிளேடு பிடித்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. வீட்டில் காலண்டர் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. டாக்டரிடம் போனால் சுவரில் கோணலாகத் தொங்கும் சான்றிதழை நேராக்கிவிட்டுத்தான் நாக்கை நீட்டுவார்.

"கல்யாண போட்டோல நான் தலையைச் சாய்ச்சிட்டு நிக்கறேன். அதை மட்டும் எப்படித்தான் விட்டு வச்சிருக்கீங்களோ" என்பாள் மனைவி.

"அதுக்குத்தானே ஃபிரேமைச் சாய்ச்சு மாட்டியிருக்கேன்" என்பார் இவர்.

கார்ட்டூனிஸ்ட் அவருக்கு அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. கூடப் பிறந்தவர்கள் நல்லது கெட்டதுக்கு வருவார்கள். இவர் தினமும் வந்தார், அதுவும் தினமும் தாமதமாக வந்தார். முதல் பக்கத்தின் கீழ் மூலையில் அண்ணனுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அச்சுக்கூடத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கத்திவிட்டுப் போவார்கள். பசை அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, "இதோ, படி ஏறிட்டிருக்காரு" என்று சாதிப்பார். அண்ணன் அப்போதுதான் வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். பசையின் பாதி ஆயுள் அந்தக் காலிக் கட்டத்துக்குக் காவல் காத்ததில் போனது. அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கட்டத்துக்குள் வாழ்ந்தவர் வரிசைக்காரர். குட்டையான ஆள், வழுக்கைத் தலை, மார்போடு அணைத்த பை. என்றைக்குப் பார்த்தாலும் ஏதோ ஒரு வரிசையில் முன்னால் எட்டிப் பார்த்தபடி நிற்பார். ஒரு நாளும் கவுண்ட்டரை அடைந்ததில்லை. "இது எதுக்கான வரிசைங்க?" என்று ஒருவர் கேட்பார். "தெரியாதுங்க. முன்னாடி நிக்கறவர் நல்லவரா தெரிஞ்சார், அதான் நின்னுட்டேன்" என்பார் வரிசைக்காரர். "நாளைக்கு வாங்க" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வரும். "நேத்தும் அதைத்தான் சொன்னீங்க. அந்த நாளைக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்" என்பார். டீக்கடையில் பேப்பரைப் பிரிப்பவர்கள் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு நேரே மூலைக்குப் போவார்கள். தலைப்புச் செய்தி எழுதியவருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது கடைசி இரண்டு வருஷத்தில். முதலில் டீ தளும்பியது. பிறகு சட்டைப் பொத்தான் போட அண்ணி வேண்டியிருந்தது. டாக்டர் பெயர் சொன்ன நோய் அது. குறையாது, கூடும் என்றும் சொல்லிவிட்டார். அலுவலகத்துக்குத் தெரிந்தால் கதை முடிந்தது என்று அண்ணன் பயந்தார். வீட்டிலிருந்தே வரைகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு காலையில் பசையை மாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கட்டத்தைப் பல்பொடி விளம்பரத்துக்குக் குடுத்துடுவாங்கடா. அந்த ஆள் எங்க போய் நிப்பான்?" என்றார். பிறகு, "பென்சில்ல நான் போட்டுடறேன். கோணலாத்தான் வரும். நீ மேல மை போட்டுக் குடு" என்றார்.

"நானாண்ணே? நான் ஒட்டறவன்."

"அதனாலதான் கேக்கறேன். வரையறவன்கிட்ட குடுத்தா அவன் கையைக் காட்டுவான். நீ என் கையைத்தான் காட்டுவே."

அவ்வளவு பெரிய வார்த்தையை அதுவரை யாரும் பசையிடம் சொன்னதில்லை. பேனாவை எடுத்தார். பென்சில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அலைந்துகொண்டிருந்தன. மூக்குக்கு மூன்று, பைக்கு நான்கு. பாதம் இருக்கும் இடத்தில் ஒரே குழப்பம். கோடு தரையைத் தொடாமல் மேலே மேலே போயிருந்தது. பாவம், நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு, இருந்தவற்றில் ஆகக் கீழே இருந்த கோட்டைத் தேர்ந்தெடுத்து, பாதத்தைத் தரைக்கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார வைத்தார்.

மறுநாள் பத்திரிகை வந்ததும் அண்ணன் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தாள் கையில் படபடத்தது.

"காலை நல்லா ஊனி நிக்கறான்டா. இனிமே விழமாட்டான்" என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பசை வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் மாடியில் கதவு சாத்தப்பட்டது. அண்ணிக்கும் தெரியாது. "யோசனை கலைஞ்சிடும், உள்ள வராதே" என்று அண்ணன் உத்தரவு போட்டிருந்தார். அண்ணி டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். அச்சில் வந்த கோடு ஆடாமல் அசையாமல் இருப்பதைப் பார்த்து அவருக்கு மனசு நிறைந்துவிடும். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லி வைத்திருந்தார்: "சாப்பாட்டுக்குத்தான் நடுங்குது. பேனாவைப் பிடிச்சா நின்னுடுது." ஸ்பூனால் ஊட்டிவிடும் ஒரு மனைவிக்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமை அது. அதைக் கலைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை, பசைக்கு எப்படி வரும்?

கடைசியாக வந்த கட்டத்தில்தான் வரிசைக்காரர் முதன்முறையாகக் கவுண்ட்டருக்கு முன்னால் வந்து சேர்ந்தார். உள்ளேயிருந்து "அடுத்து" என்கிறார்கள். வரிசைக்காரர் பின்னால் நிற்பவரைப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்க. எனக்கு அவசரமில்லை" என்கிறார். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க, பையை அணைத்தபடி, தன் பாட்டுக்கு நிற்கிறார்.

அது வெளிவந்த வாரத்திலேயே அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், ஸ்கேன் அறைக்கு முன்னால், தள்ளுவண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அண்ணி மருந்து வாங்கும் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். பசை மட்டும் வண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அண்ணன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"எனக்கு முன்னாடி எத்தனை பேருடா?"

"படுங்கண்ணே. கூப்பிடுவாங்க." தோளைப் பிடித்து அழுத்திப் படுக்க வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி எழப் பார்த்தார். "போய்ப் பாத்துட்டு வாயேன்." பசை போய் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. கண் மட்டும் கதவுப் பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. அதைப் பசைதான் மூடினார். ஓடி வந்த அண்ணியிடம், "தூக்கத்துலயே போயிட்டாரு அண்ணி. ஒரு சிரமமும் படல" என்றார். சாவு வீட்டில் சொல்லும் பொய்க்குக் கணக்கு இல்லை என்பார்கள்.

பத்திரிகை அந்தக் கடைசிக் கட்டத்தை முதல் பக்கம் முழுக்கப் பெரிதாக்கிப் போட்டது. ஊர் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. மரணத்தை வாசலில் வைத்து வரவேற்ற மனிதர் என்று எழுதினார்கள். அந்தப் பாதங்களில் என்ன நிதானம், என்ன பக்குவம் என்று ஒருவர் அரைப் பக்கத்துக்கு உருகியிருந்தார். அந்தக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்ததும் பசைதான். பாதம் பற்றிய பத்தி வந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பிறகு ஆசிரியர் ஒரு அறிவிப்புப் போட்டார்: வரிசைக்காரரை வரைந்து அனுப்புங்கள், சிறந்த ஒன்றைக் கட்டிடத்தின் பக்கச் சுவர் முழுக்கத் தீட்டப்போகிறோம். எதிரே பேருந்து நிறுத்தம். நிற்கிறவர்களுக்குத் துணையாக நிற்கட்டும் என்று ஆசிரியர் சொன்னார். தேர்ந்தெடுப்பது அண்ணியின் உரிமை என்றும் சொன்னார். அண்ணி பசையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எனக்குக் கண்ணும் சரியில்ல, மனசும் சரியில்ல தம்பி. எதுல அவர் கை இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு எடுத்துட்டு வாங்க, நான் ஒண்ணு சொல்றேன்."

படங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. குழந்தைகள் கணக்கு நோட்டில் வரைந்திருந்தார்கள். ஒருவர் மருந்து அட்டையில் வரைந்திருந்தார். முடிதிருத்துபவர் ஒருவர் தன் கடைக் கண்ணாடியிலேயே தீட்டிப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தார். வருகிற வழுக்கைத் தலைகள் எல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொள்கிறார்களாம். சொர்க்கத்து வாசலில் வரிசைக்காரர் நிற்கும் படம் மட்டும் ஒரு சாக்கு தேறும். அத்தனை பேருக்கும் ஒரே யோசனை வந்தால் அது யோசனை இல்லை, ஜலதோஷம். ஆனால் பசைக்கு அந்தச் சாக்கைக்கூடத் தள்ள மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, தூசி தட்டி, ஓரம் சேர்த்து அடுக்கினார். இத்தனை பேர் கையிலும் அண்ணன் இருக்கிறார் என்ற நினைப்பு, செத்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சைக் கொஞ்சம் இளக்கியது.

ஒரு பகல், சாப்பாட்டு வேளையில் எல்லோரும் போயிருக்க, அந்தப் படம் கைக்கு வந்தது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் வரைந்தது. ஓரத்தில் 'தையல்காரர்' என்று மட்டும் இருந்தது. மூக்கு சரியில்லை, பை ஏதோ தலையணை மாதிரி. ஆனால் ஆள் எட்டிப் பார்க்கிற பார்வை வந்திருந்தது. கால்தான் தரையில் உட்காரவில்லை. இரண்டு குதிகாலும் தூக்கியிருந்தன. அடடா, இது ஒன்றைச் சரிசெய்தால் நன்றாக இருக்குமே என்று பசை பேனாவை எடுத்தார். யோசிக்கக்கூட இல்லை, கைப்பழக்கம். ஒரு குதிகாலைக் கீழே இழுத்துத் தரையில் பதித்தார்.

அடுத்ததற்குப் போன கை நின்றுவிட்டது.

வரிசைக்காரர் பாதி ஆளாகிவிட்டிருந்தார். குதிகால் தூக்கிய பக்கம் அவர் இன்னும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது, நம் முறை வருமா என்று உடம்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. குதிகால் இறங்கிய பக்கம் கேட்பதை நிறுத்திவிட்டது. கழுத்து அதே கழுத்து, கண் அதே கண். ஆனால் அந்தப் பக்கத்து ஆள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

பசை எழுந்து பழைய தொகுப்புகள் இருந்த அறைக்குப் போனார். முதல் வருஷத்தை எடுத்தார், குதிகால் தூக்கியிருந்தது. அடுத்த வருஷம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. மழையில் நிற்கிறார், வெயிலில் நிற்கிறார், ஜன்னல் மூடிய பிறகும் நிற்கிறார்; ஒவ்வொரு கட்டத்திலும் குதிகாலுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை. அத்தனை கட்டங்களையும் இதே கையால்தான் ஒட்டினார். கட்டத்தின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, உள்ளே நின்ற ஆளின் காலை ஒரு நாளும் பார்க்கவில்லை. கடைசி இரண்டு வருஷத் தொகுப்பைத் திறந்தார். தான் மை போட்ட முதல் நாளிலிருந்து வெள்ளை காணாமல் போயிருந்தது. அண்ணனின் பென்சில் நடுங்கியும் அந்த இடத்தில் தவறவில்லை. மூக்கைத் தவறவிட்டது, பையைத் தவறவிட்டது. குதிகாலை மட்டும் மேலே மேலே தூக்கிக்கொண்டே இருந்தது. அதைத்தான் இவர் நடுக்கம் என்று நினைத்துத் திருத்தினார்.

காலை நல்லா ஊனி நிக்கறான்டா.

அன்று சொன்னது பாராட்டு இல்லை என்று இப்போது தெரிந்தது. கால் தப்பு என்று தெரிந்தும் அண்ணன் திருத்தச் சொல்லவில்லை. வேறு கை இல்லாதவர் யாரைத் திருத்துவார்? பசை தொகுப்புகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தாழ்வாரத்தில் தோளைப் பிடித்து அழுத்திய கை அவருக்கு மரத்துப்போன மாதிரி இருந்தது.

மேசைக்குத் திரும்பி வந்தபின் மூட்டைகளை மறுபடி பிரித்தார். தையல்காரர் படத்தைத் தவிர எல்லாமே கடைசிப் படத்தைப் பார்த்து வரைந்தவை. எல்லாக் காலும் தரையில். ஊரே வரைந்து வைத்திருந்தது அண்ணனை இல்லை, பசையை. பிளேடை எடுத்துத் தையல்காரர் படத்தில் தான் போட்ட மையை மட்டும் சுரண்டினார். அந்த வேலை அவருக்குக் கைவந்தது, தாள் கிழியவில்லை.

மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணிகிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லாட்டி சுவர்ல தப்பான ஆள் நிப்பான்."

"சொன்னா அந்த ரெண்டு வருஷமும் அவர் கை இல்லன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடும். பேனாவுக்கு நடுங்கலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்களே." மடித்த துணியைத் தட்டினாள். "செத்தவரு திரும்பியா வரப்போறாரு?"

"சொல்லாட்டி இன்னொரு தடவை போயிடுவாரு."

அவள் மடித்த துணிகளை அள்ளிக்கொண்டாள். எழுந்து போகும்போது அவர் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சொல்லாமலே காரியத்தைச் சாதிக்கலாம் என்று பசைக்கு ஒரு நப்பாசை. தையல்காரர் படத்தையும், கல்லூரிப் பெண் ஒருத்தி வண்ணத்தில் அழகாகத் தீட்டிய இன்னொரு படத்தையும் எடுத்துக்கொண்டு போனார். தன் வீட்டுக்காரரின் கையை அண்ணிக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தையல்காரர் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஆசையா போட்டிருக்காங்க. ஆனா இவர் இல்லையே தம்பி. கால் தரையிலயே படலயே. வரையத் தெரியாதவங்க போல."

"ஆரம்பத்துல அண்ணன் அப்படித்தான் போட்டாரு அண்ணி. பழைய பேப்பரைப் பாத்தேன்."

"ஆரம்பத்துல அப்படி இருந்திருக்கும். அவரும் அப்ப எல்லாத்துக்கும் பறப்பாரு." கல்லூரிப் பெண்ணின் படத்தை எடுத்தார். "இதைப் பாருங்க. உடம்பெல்லாம் ஆடிட்டிருந்த மனுஷன், அந்தக் காலை மட்டும் எப்படி நிறுத்தி வச்சிருந்தார். எதுக்கும் அவசரப்படாம. நீங்கதானே சொன்னீங்க, தூக்கத்துலயே போனாருன்னு. ராத்திரி முழிப்பு வந்தா இந்தக் காலைத்தான் தம்பி நினைச்சுக்குவேன். அமைதியாத்தான் போனார்னு தோணும். மறுபடி தூங்கிடுவேன்."

"அண்ணி..."

"சொல்லுங்க தம்பி."

அறையில் அண்ணனின் மேசை அப்படியே இருந்தது. அதன் மேல் கடைசிக் கட்டம் ஃபிரேம் போட்டு வைக்கப்பட்டிருந்தது. பசை அதைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. இதையே குடுத்துடறேன்."

சுவர் ஓவியருக்குப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் வேலையும் அவரிடம்தான் வந்தது. திரையில் கால் மட்டும் ஒரு கதவு அளவுக்கு வந்து நின்றது. குதிகாலை லேசாகத் தூக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தூக்கிப் பார்த்தார். ஆள் வழுக்கி விழப்போகிறவன் மாதிரி இருந்தார். கொஞ்சம் இறக்கினார், முள் குத்தியவன் மாதிரி இருந்தார். அண்ணன் யோசிக்காமல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவாரே, அந்த உயரம் எவ்வளவு என்று பசையின் கைக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான். அங்கேயே கொண்டுபோய் வைத்தார்.

திறப்பு நாளில் கூட்டம் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நின்றது. அண்ணிக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். பசை வேண்டுமென்றே கடைசியில் போய் நின்றுகொண்டார். துணியை இழுத்தபோது முன்னால் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார். தேய்ந்த செருப்பு, பள்ளிக்கூட ஷூ, வெடித்த பாதம், எல்லாக் குதிகாலும் தரையை விட்டுத் தூக்கியிருந்தன. அண்ணன் ஆயுள் முழுக்க வரைந்தது அங்கே வரிசை வரிசையாக நின்றது. கைதட்டல் அடங்கியதும் அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

கூட்டம் கலைந்தபின் அண்ணி கூப்பிட்டார். பக்கத்தில் போய் நின்றார். அண்ணி சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே அவர் கை. இல்ல தம்பி?"

பசை தலையைத் தூக்கி முதன்முறையாகச் சுவரைப் பார்த்தார். மூன்று மாடி உயரத்துக்கு, ஒரு இம்மி பிசகாமல், வரிசைக்காரர் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா அண்ணி" என்றார். "அப்படியே அண்ணன் கைதான்."